பாதி மாத்திரை

மூன்றரைக்கு என்றார்கள். இன்னும் நேரம் இருக்கிறது, மடிக்கணினியைத் திறந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாயிற்று, மைக் அணைந்திருக்கிறது, அணைந்துதான் இருக்கிறதா, குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால் அணைந்திருக்கிறது என்று அர்த்தம், கோடு இருக்கிறது, போன தடவையும் கோடு இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் அண்ணன் தூங்கவில்லை. கட்டில் கம்பியை நல்ல கையால் தட்டுகிற சத்தம் கேட்கிறது, டங், டங், பிறகு கொஞ்சம் இடைவெளி, அந்த இடைவெளியில்தான் என் உயிர் போகிறது, இதோ கூப்பிடப்போகிறான், இதோ. கீழ்வீட்டில் பிரியாணி சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிறார்கள், நெய்வாசம் படியேறி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்குப் பெரம்பூரே தூங்கிவிடும், இவன் மட்டும் ஏன் தூங்க மாட்டேன் என்கிறான். சமையல்கட்டுத் திட்டில் கிண்ணம் இருக்கிறது, மேலே தட்டு போட்டு மூடியிருக்கிறேன். கிண்ணத்தில் பிசைந்த வாழைப்பழம். பழத்துக்குள் பாதி மாத்திரை, கரண்டியின் பின்பக்கத்தால் பொடித்துப் போட்டது. ராத்திரி அவனுக்குக் கொடுக்கிற அதே தூக்க மாத்திரைதான். பகலில் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஏற்கனவே விழுங்குவதில் தகராறு, அரைத்தூக்கத்தில் சாப்பாடோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் போனால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாதும்மா என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். எல்லோரிடமும் அப்படித்தான் பார்த்துச் சொல்வார்போல. இல்லை, என்னைப் பார்த்து ஏதோ தெரிந்துதான் சொன்னார். நானும் தெரிந்துதான் பொடித்தேன். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்காதவரை அது வெறும் பழம்தான்.

இத்தனைக்கும் இவனுக்காகத்தான் எல்லாமே தொடங்கியது. சொன்னால் யாராவது நம்புவார்களா, இவனுக்காகத் தேடி, தேடியது கிடைத்ததும் இவனையே மயக்கிப் படுக்கவைக்கப் பார்க்கிறேன். சிரில் அண்ணன் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தான், மீசை முளைத்த வயதில் போனவன், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சோப்பும் சாக்லேட்டும் கொண்டுவருவான், ஒரு தடவை பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். கப்பலில் கூட வேலை செய்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருத்தர் இறங்கிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே மெல்லிய புத்தகங்கள், விதவிதமான பகடைகள், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம்கூட. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை நடத்த வேண்டும், நீங்கள் இடிந்த கோட்டை வாசலில் நிற்கிறீர்கள், படி கீழே இறங்குகிறது, இருட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம், ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தன் மந்திரக்காரன், ஒருத்தன் திருடன், அவரவர் நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும், அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு. சிரில் கதை சொன்னால் மின்விசிறிச் சத்தம்கூட நின்றதுபோல் இருக்கும். ரொனால்டு, பாஸ்கர், ஐ.சி.எப். குவார்ட்டர்ஸ் பையன்கள் இரண்டு மூன்று பேர், முன்னறையில் பாய் விரித்து மதியம் பூராவும். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. ரெஜி, டீ. ரெஜி, நீ மேப் போடு. அவன் சொல்லச் சொல்லக் கட்டம் போட்ட தாளில் அறை அறையாக வரைவேன், கிழக்கே கதவு, வடக்கே தாழ்வாரம், தப்பாமல் வரைவேன், எல்லோரும் என் தாளைப் பார்த்துத்தான் போவார்கள், நான் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஒருநாள் ரொனால்டுக்குக் காய்ச்சல், அவனுடைய வாள்வீரனை என்னிடம் கொடுத்தார்கள். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறேன் என்றேன். சிரில் சிரித்துவிட்டு, ரொனால்டு அப்படியெல்லாம் செய்ய மாட்டான் ரெஜி, அவன் எடுத்தவுடன் வாளை உருவுவான் என்றான். சரி, வாளை உருவுகிறேன் என்றேன். அந்தக் கிணற்றுக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது, கேட்கவும் இல்லை, இப்போது கேட்டால் இவனால் சொல்ல முடியாது.

சொல்ல முடியாது என்றால் ஒரு சொல் இருக்கிறது. அதான். குளியலறையில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் விழித்து, வாயைத் திறந்து முதலில் சொன்னது அதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், கால் வலித்தாலும் அதான், நான் சொல்வது புரியாவிட்டாலும் அதான், கோபம் வந்தால் அதான் அதான் அதான் என்று தொண்டை கிழிய. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு இப்படி ஒரே ஒரு சொல் தங்கிப்போவது உண்டு, மூளையில் எல்லாம் அழியும்போது எது ஒட்டிக்கொண்டதோ அது என்று பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் சொன்னாள். உள்ளே எல்லாம் புரியும் ஆன்ட்டி, வெளியே வரத்தான் வழி இல்லை, அவருக்குப் பிடிச்ச விஷயத்தைப் பத்தி நிறையப் பேசுங்க, நாலு பேர் பேசறதைக் கேட்கட்டும். நாலு பேர். நாலு பேருக்கு நான் எங்கே போவேன். ரொனால்டு செத்துப்போய்விட்டான், பாஸ்கர் துபாயில், கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா முதலில் வாரம் ஒரு தடவை பேசினாள், பிறகு பண்டிகைக்குப் பேசினாள், பிறகு படம் மட்டும் அனுப்புகிறாள், குழந்தை இயேசு படம். வேலையை விட்ட பிறகு என் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்தே பல நாள் ஆகிறது. போன மாதம் பால் போடுகிறவர் நாளைக்கும் இதே அளவுதானாம்மா என்று கேட்டார், நான் அதான் என்றேன். அவர் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றேன், என் வாயிலும் அது வந்துவிட்டது, இனிமேல் இந்த வீட்டில் இரண்டு பேரும் அதையே சொல்லிக்கொண்டு கிடப்போம், யாரோ ஒருநாள் கதவை உடைத்துப் பார்ப்பார்கள். அன்றைக்குத்தான் பரண் மேலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன்.

பகடைகளை அவன் உள்ளங்கையில் வைத்தபோது அவன் பார்த்தான். வேறொன்றும் இல்லை, பார்த்தான், விரல் லேசாக மூடியது, அதைப் பிடித்துக்கொண்டு நான் கடல் தாண்டப் புறப்பட்டேன். கணினியில் தேடினால் ஊரெல்லாம் இந்த விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை, புது விதிகள், பளபளப்பான படங்கள், சின்னப் பையன்கள் பெண்கள், ஆயிரக்கணக்கில். சேர்ந்துகொள்ளலாமா என்று எழுதினேன். இடம் இல்லை என்றார்கள் ஒரு இடத்தில். இன்னொரு இடத்தில் எந்தப் பதிப்பு விதி தெரியும் என்று கேட்டார்கள், பழைய பெட்டி என்றேன், அய்யோ தாத்தா காலத்து ரூல்ஸ், மியூசியத்துல கேட்டுப் பாருங்க ஆன்ட்டி என்று ஒருத்தன் எழுத, அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக. பழைய விதிகளிலேயே ஆடுகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், எல்லாம் கனத்த ஆங்கிலம், அவர்கள் பேசி முடித்துச் சிரித்த பிறகுதான் எனக்குப் பாதி புரியும். கடைசியாக ஒரு குழு சேர்த்துக்கொண்டது. அண்ணனைச் சக்கர நாற்காலியில் பக்கத்தில் உட்காரவைத்தேன், சட்டை மாற்றி, தலை சீவி, பவுடர்கூடப் போட்டேன், அவர்கள் இவனைப் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் போட்டேன். ஆட்டம் தொடங்கி ஒரு பையன் அரக்கனைப் பற்றி ஏதோ சொல்ல, சிரில் கத்தினான். சந்தோஷமா பயமா எனக்கே தெரியவில்லை, மேஜையை அறைந்து அதான் அதான் அதான். மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்தேன். ஹலோ, பின்னாடி என்ன, மிருகக்காட்சி சாலையா என்றது ஒரு குரல். இன்னொரு குரல் அதே மாதிரி கத்திக் காட்டியது. சிரில் நிறுத்தினான். தன்னுடைய சத்தம் திரும்பி வந்ததைக் கேட்டான், திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் ஏதோ தட்டச்சு செய்ய ஆரம்பிப்பதற்குள் திரை வெறுமையாகிவிட்டது, உங்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று ஒரு வரி மட்டும். சாயங்காலம் அவன் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தானே கொண்டுபோய் உட்காரவைத்தேன், பவுடர் போட்டு.

அப்போதே விட்டிருக்க வேண்டும். விடவில்லை, அவன் கண்ணயரும் நேரமெல்லாம் தேடினேன், பழைய பதிவுகள், செத்துப்போன குழுக்கள், கடைசியாக எழுதியவர் எப்போதோ எழுதிவிட்டுப் போன இடங்கள், யாராவது இருக்கீங்களா என்று எழுதிவிட்டு வந்துவிடுவேன், பாழடைந்த வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. ஒன்றிலிருந்து பதில் வந்தது. அது ஒரு தமிழ்க் குழு. தமிழில் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள், அதுவும் பழைய பெட்டி விதிகளில். கதை நடத்துகிறவர் பெயர் துஷ்யந்தன், யாழ்ப்பாணத்துக்காரர், நோர்வேயில் பேருந்து ஓட்டுகிறார். வணக்கம் அக்கா, உங்கட கடிதம் பார்த்தேன், நாங்கள் சின்னக் குழுதான், ஞாயிறு இந்திய நேரம் மூன்றரைக்குக் குரல் அறையில சந்திக்கிறம், உங்களுக்கு ஒரு இடம் வைக்கட்டோ என்று எழுதியிருந்தார். ஒரு இடம் வைக்கட்டோ. அதை எத்தனை தடவை படித்தேன். சாப்பிடும்போது படித்தேன், அவனுக்குத் துணி மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன், ஒரு தடவை சத்தமாக வாய்விட்டு. விதி மறந்திருந்தால் பரவாயில்லை, கேட்டால் சொல்லித் தருவம் என்றார். பகடை இல்லாட்டில் நான் உருட்டுறன் என்றார். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். அண்ணனைப் பற்றி மட்டும் எழுதவில்லை. முதலில் எழுதலாம் என்று இருந்தேன், எழுதினால் அந்த இடம் போய்விடும் என்று அழித்தேன், பிறகு மறந்துவிட்டதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். எப்போது இது இவனுக்கு என்பது போய் எனக்கு என்று ஆனது. எந்த நாளில். சட்டையைப் பற்றி யோசிக்கவில்லையே நான் இந்தத் தடவை, தலை சீவவில்லையே, இவனை எப்படி ஓசையில்லாமல் வைப்பது என்றுதானே இந்த வாரம் பூராவும் யோசித்தேன். கதவைச் சாத்தலாம், ரேடியோவைச் சத்தமாக வைக்கலாம், கீழ்வீட்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லலாம், அவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு மாத்திரை அட்டை. அட்டையில் மீதி இருப்பதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தபோது வேறொன்றும் தோன்றியது, இரண்டு பேருக்கும் சேர்த்து, அது வேறு, அதை இப்போது யோசிக்க மாட்டேன், அதற்காகத்தான் மூன்றரை வேண்டும், மூன்றரை என்று ஒன்று இருந்தால் அதை யோசிக்காமல் இருக்கலாம்.

டங், டங். அதான். வந்துவிட்டது. மெதுவாகத்தான் கூப்பிடுகிறான், இனி ஏறும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறேன், கால் நடக்கிறது, நான் சொல்லி நடக்கவில்லை. என்ன அண்ணே, பசிக்குதா, பழம் சாப்பிடறியா. என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, எந்த அண்ணனும் நம்பிவிடுவான். தலையணையை நிமிர்த்தி, துண்டைக் கழுத்தில் கட்டி, கரண்டியில் கொஞ்சம் எடுத்தேன். பழம் கறுக்க ஆரம்பித்திருந்தது. அவன் என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து நாக்கை நீட்டினான். நற்கருணை வாங்குவதுபோல். விழுந்ததற்குப் பிறகு அப்படித்தான் வாயைத் திறக்கிறான், விழுங்கச் சிரமம் என்பதால் பேச்சுப் பயிற்சிப் பெண் பழக்கியது, நான் தினமும் பார்ப்பதுதான், ஆனால் இன்றைக்கு நாக்கு கொஞ்சம் நடுங்கியது, வலதுபக்கம் கோணி, வெள்ளையாக, அதன் மேல் நான் எதை வைத்தாலும் வாங்கிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறான். இவ்வளவு நம்பிக்கையாக யார் இருக்கச் சொன்னது உன்னை. எதுக்குடா கண்ணை மூடறே, பாரேன், நான் என்ன வச்சிருக்கேன்னு பாரேன். வைத்துவிட்டால் மூன்றரை கிடைக்கும், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மனுஷக் குரல், ரெஜினா என்று யாராவது கூப்பிடுவார்கள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே ஆடுவேனா அங்கே. கதவைத் திறந்து பார்த்தால் நீலமாகக் கிடந்தால். கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன், சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தான், பழம் எங்கே என்று பார்த்தான். அழுகிப்போச்சுண்ணே, நல்லா இல்லை, வேற தரேன். ஓடிப்போய்த் தொட்டியில் கொட்டிக் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டேன், பழம் போகாமல் வடிகட்டியில் அடைத்துக்கொண்டது, விரலால் தள்ளித் தள்ளி அனுப்பினேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், திரும்பவும் கழுவினேன், வேறொரு பழத்தை வேறு கிண்ணத்தில் பிசைந்து ஊட்டினேன். ஒழுங்காகச் சாப்பிட்டான். அதான் என்றான் முடிந்ததும், சின்னதாக, நன்றி சொல்கிறானோ, இன்னும் கேட்கிறானோ.

மூன்றரை ஆகிவிட்டது. கதவைச் சாத்தி, ரேடியோவைப் போட்டு, மேஜைக்கு வந்து அறைக்குள் போகிற பொத்தானை அழுத்தினேன். ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது, தமிழ், மூன்று ஊர்த் தமிழ். ஆ, அக்கா வந்திட்டா, வாங்கோ வாங்கோ, சத்தம் கேக்குதோ என்றது துஷ்யந்தன் குரல், நான் நினைத்ததைவிட வயதான குரல். வாங்கக்கா, நான் பூபதிங்க, ஈரோட்டுல இருந்துங்க, நாந்தாங்க இங்க திருடன் என்றது இன்னொன்று. ஒரு பெண் சிரித்தாள், அவன் பேச்ச நம்பாதீங்க லா, நான் கஸ்தூரி, கிள்ளான்ல இருக்கேன், மலேசியா, மைக்க ஆன் பண்ணுங்கக்கா, உங்க குரல் கேக்கணும். உங்க குரல் கேக்கணும். சிவப்புக் கோட்டை அழுத்தினேன், கோடு மறைந்தது. வணக்கம் என்றேன். அடுத்து என்ன சொல்வது, என் பேர் ரெஜினா, அது அவர்களுக்குத் தெரியும், நல்லா இருக்கீங்களா என்று கேட்கலாம், வாய் திறந்திருக்கிறது, வார்த்தை வரிசையில் நிற்கிறது, முதல் வார்த்தை நகர மாட்டேன் என்கிறது. அப்போது உள்ளே கட்டில் கம்பி அதிர்ந்தது. அதான். ரேடியோவைத் தாண்டி, சாத்திய கதவைத் தாண்டி, அதான் அதான் அதான், ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்று தெரியும், அதைக் கேட்க மாட்டேன், இன்னொரு தடவை கேட்க மாட்டேன். மடிக்கணினியைப் பட்டென்று மூடினேன். மூடிய பிறகும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், யாரோ உள்ளிருந்து திறந்துவிடுவார்கள்போல. அவ்வளவுதான். முடிந்தது. போய்க் கதவைத் திறந்து, என்னடா வேணும் உனக்கு, என்னதான் வேணும், என் உசுரா வேணும், எடுத்துக்கோ என்று கத்தினேன். போர்வை கீழே விழுந்திருந்தது, அதைக் காட்டினான். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறான். கால் குளிர்ந்திருந்தது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன், ரேடியோவில் யாரோ உர விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள்.

கைபேசி சிணுங்கியது. எடுக்கவேண்டாம். திரும்பவும். துஷ்யந்தன் எழுதியிருந்தார், அக்கா, லைன் போயிட்டுதோ, நாங்கள் தொடங்கேல்ல, காத்துக்கொண்டிருக்கிறம். நாகரிகமாகச் சொல்கிறார்கள். கட்டைவிரல் தானாக ஓடியது, புள்ளி இல்லாமல் நிறுத்தாமல் எழுதினேன், லைன் போகலை நான்தான் மூடினேன் எங்க அண்ணனுக்குப் பக்கவாதம் பேச்சு வராது அந்த ஒரு வார்த்தைதான் வரும் எப்ப வரும்னு சொல்ல முடியாது கத்துவார் உங்ககிட்ட மறைச்சுட்டேன் இன்னொரு இடத்துல கிண்டல் பண்ணி வெளியே அனுப்பிட்டாங்க நீங்க சந்தோஷமா விளையாடுங்க என்னால முடியாது மன்னிச்சுடுங்க. அனுப்பிவிட்டேன். இனி வருவதற்கு ஒன்றுமில்லை, அடையவும் ஒன்றுமில்லை, ஒருவிதத்தில் நிம்மதிதான், பிணம் எடுத்த வீட்டு நிம்மதி. பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் எழுதவில்லை, குரலாக அனுப்பியிருந்தார். அக்கா, கத்தினால் கத்தட்டும், வீடெண்டால் சத்தம் இருக்கும்தானே. என்ர மூத்தவன் பேச மாட்டான், பத்து வயசு, அவனும் கத்துவான், நீங்கள் இனித்தான் கேப்பியள். கஸ்தூரியும் பூபதியும் அவன்ர சத்தத்துக்குப் பழகிட்டினம். ஒருத்தரும் ஒண்டும் நினைக்க மாட்டினம். வாங்கோ. அண்ணைக்கு விருப்பமெண்டால் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, விருப்பமில்லையெண்டால் விடுங்கோ, நீங்கள் வாங்கோ. குரலில் பரிதாபம் ஒரு சொட்டுகூட இல்லை. இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன், சிரிலும் கேட்டான், தலையைச் சாய்த்துக்கொண்டு.

அவனை நாற்காலியில் ஏற்றி மேஜைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். திரையைத் திறந்து, அண்ணனும் வந்திருக்கார் என்றதும் கஸ்தூரி, ஹலோ அண்ணே, சாப்டாச்சா என்றாள், நேராக அவனைப் பார்த்துக் கேட்பதுபோல். அவன் அதான் என்றான். சாப்டாராம், நானும் சாப்டேன் லா என்றாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, நான் எதற்காகச் செத்துச் செத்துப் பிழைத்தேனோ அது அவ்வளவுதான். துஷ்யந்தன் கதையைத் தொடங்கினார். மலையடிவாரத்தில் ஒரு கோயில், பாதி புதைந்தது, உள்ளே போன ஊர்க்காரர்கள் திரும்பி வரவில்லை. உங்களுக்கு ஒரு பாத்திரம் வேண்டுமே என்றார்கள், விளக்குப் பிடிக்கிறவள் என்றேன், பேர் கேட்டார்கள், பேர் யோசித்திருக்கவில்லை, ரெஜினாவே இருக்கட்டும் என்றேன். அண்ணன் பக்கம் பகடைகளை நகர்த்திவைத்தேன். பார்த்தான். ஒன்றை எடுத்தான், முகத்துக்கு அருகில் கொண்டுபோனான், மேஜையில் வைத்துவிட்டான். இன்னும் தள்ளிவைத்தேன், அண்ணே, உருட்டு, நீ சொல்லித் தந்ததுதானே. புறங்கையால் நகர்த்தினான், கோபமில்லை, சாப்பிட்டு முடித்த தட்டை நகர்த்துவதுபோல். பிறகு நல்ல காலால் தரையை உந்தி நாற்காலியைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஜன்னல் பக்கம் போனான், எதிர்வீட்டு மாடியில் புறா வளர்க்கிறவர் கூண்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார், அதைப் பார்க்க ஆரம்பித்தான். அவனுக்கு வேண்டாம். எத்தனை நாளாக அவனுக்கு வேண்டும் என்று நான் ஓடினேன், பெட்டியை இறக்கிய அன்றைக்கே அவனுக்கு வேண்டாமோ, அந்த விரல் மூடியது கையில் ஏதோ கனம் பட்டதற்காகத்தானோ. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். அப்போது துஷ்யந்தன் சொன்னார், படி இறங்கி முடியிற இடத்தில தண்ணி நிக்குது, கறுத்த தண்ணி, அடி தெரியேல்ல. அந்தப் பக்கம் யாரோ அழுகிற சத்தம் கேக்குது. கஸ்தூரி கயிறு இருக்கா என்று பார்க்கிறேன் என்றாள். பூபதி, எனக்கு நீச்சல் தெரியாதுங்க, நான் இங்கயே நின்னுக்கறனுங்க என்றான், எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. ரெஜினா, நீங்கள் என்ன செய்யிறியள்?

மூன்று தேசத்தில் மூன்று பேர் நான் சொல்லப்போவதற்காகக் காத்திருக்கிறார்கள், அவசரமே இல்லாமல், யாருடைய மூச்சோ மைக்கில் படுகிறது. யாராவது எனக்காகச் சொல்லிவிடுவார்கள் என்று நானும் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. விளக்கை உயரத் தூக்கிப் பிடிக்கிறேன் என்றேன். சரி என்றார் துஷ்யந்தன். தண்ணிக்குள்ள இறங்கறேன் என்றேன். கஸ்தூரி, அக்கா ஆழம் தெரியாது லா என்றாள். தெரியலைன்னா என்ன, அழுறாங்க இல்ல, முழங்கால் வரைக்கும் இறங்கிட்டேன், இன்னும் ஒரு படி இறங்கறேன் என்று சொல்லிக்கொண்டே போகிறேன், என் குரல் மேஜையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, கீழ்வீட்டுக்கே கேட்டிருக்கும். துஷ்யந்தன் மெதுவாகச் சொன்னார், அப்ப இருபது முகத்தை உருட்டுங்கோ, அக்கா. உள்ளங்கையில் குலுக்கினேன், குலுக்கியது போதவில்லை, இன்னும் குலுக்கினேன், விட்டேன். மேஜை விளிம்பில் மோதி எகிறிக் கீழே விழுந்து எங்கோ உருண்டோடியது. அய்யோ, கீழ விழுந்திடுச்சு, இருங்க, இருங்க, போயிடாதீங்க என்று கத்திக்கொண்டே மண்டி போட்டேன், மேஜைக்கு அடியில் இருட்டு, தலை மேஜைக்காலில் இடித்தது, கை பருக்கையையும் தூசியையும் தடவுகிறது, மேலே திரையிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் என்ன விழுந்திச்சு, என்ன விழுந்ததுங்க, எவ்வளவு என்று கேட்கிறார்கள். தெரியலை, இன்னும் கிடைக்கலை, போயிடாதீங்க என்றேன் திரும்பவும், எனக்கே கேட்டது அந்தக் குரல் எவ்வளவு கெஞ்சுகிறது என்று. பதிலுக்குக் கஸ்தூரியின் குரல் சாவகாசமாக, வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தது. நாங்க எங்க போகப் போறோம், நீங்க பாத்துத் தேடுங்கக்கா.